வாடிக்கையாளருக்குத் திருப்பிய பணத்தைச் செலவில் எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு வணிகர்களுக்கான பக்கங்களில், எந்தக் கணக்கு மென்பொருளை வாங்கலாம், அதன் சந்தா கட்டுபடியாகுமா என்றெல்லாம் நிறைய எழுதப்படுகிறது. வாங்கிய பிறகு அதில் அன்றாடம் தவறாகப் பதியப்படும் ஒரு விஷயத்தைப் பற்றி விரிவாக எழுதிக் காண்பது அரிது. வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுக்கும் பணம், அதாவது ரீஃபண்ட், அந்த விஷயம். பெரும்பாலும் தொகை சிறியது என்பதால் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் இந்த ஒரு பதிவு பிசகினால் விற்பனைத் தொகை, வரி, சரக்கிருப்பு, வாடிக்கையாளர் பாக்கி என நான்கு இடங்களிலும் கணக்கு பொய் சொல்லும். அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

பிசகு தொடங்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். வங்கிக் கணக்கை மென்பொருளோடு இணைத்திருப்பார்கள். வெளியே போன பணம் ஒரு வரியாகத் திரையில் வந்து நிற்கும். இதை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று மென்பொருள் கேட்கும். பணம் வெளியே போயிருக்கிறது, ஆகவே செலவு என்று எண்ணி 'இதர செலவுகள்' தலைப்பில் போட்டுவிடுவார்கள். இன்னும் சிலர் 'ரீஃபண்ட் செலவு' என்று புதிதாகவே ஒரு தலைப்பைத் திறந்துவிடுவார்கள். வங்கி இருப்பு ஒத்துப்போகும், மாதக் கடைசியில் வங்கி அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வங்கிச் சரிகட்டலும் பிசிறில்லாமல் முடியும். பிழை நடந்ததற்கான அறிகுறி எதுவும் திரையில் இருக்காது.

எண்களை வைத்துப் பார்த்தால் விளங்கும். நாணயமும் வரி விகிதமும் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் கணக்குக்கு எளிதாக 10 சதவீத வரி என்று வைத்துக்கொள்கிறேன். பொருளின் விலை 1,000, வரி 100, வாங்கியவர் கொடுத்தது 1,100. விற்ற அன்று வங்கிக் கணக்கில் 1,100 பற்று (டெபிட்), விற்பனையில் 1,000 வரவு (கிரெடிட்), செலுத்த வேண்டிய வரியில் 100 வரவு. நம் ஏட்டில் வங்கிக்குப் பணம் வந்தால் பற்று, வெளியே போனால் வரவு. பிறகு பொருள் திரும்பி வருகிறது, முழுத் தொகையும் திருப்பித் தரப்படுகிறது. அந்த 1,100-ஐச் செலவில் எழுதினால் விற்பனை 1,000 அப்படியே நிற்கும், செலவு 1,100 ஏறும். இல்லாமல் போன ஒரு வியாபாரத்தில் 100 நட்டம் வந்ததாக இலாப நட்டக் கணக்கு காட்டும். அந்த 100 உண்மையில் எங்கேயும் போகவில்லை. செலுத்த வேண்டிய வரிக் கணக்கில் உட்கார்ந்திருக்கிறது. அடுத்த வரிப் படிவத்தில் அதையும் சேர்த்துக் கட்டுவார்கள். வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்ட வரியைத் தன் கையிலிருந்து அரசுக்கும் கட்டுவதுதான் இதன் பலன்.

சரியான பதிவில் செலவு என்ற தலைப்புக்கே வேலையில்லை. விற்பனைத் திருப்பம் 1,000 பற்று, செலுத்த வேண்டிய வரி 100 பற்று, வங்கி 1,100 வரவு. விற்ற அன்று எழுதியதன் நேர் எதிர்ப்பதிவு. விற்பனைத் திருப்பம் என்ற கணக்கை வருமானக் குழுவுக்குள், விற்பனைக்குக் கீழேயே, கழிக்கும் கணக்காக வைக்க வேண்டும். விற்பனைக் கணக்கிலேயே நேராகக் கழித்தாலும் கூட்டுத்தொகை சரியாகத்தான் வரும். ஆனால் எந்த மாதம் எவ்வளவு சரக்கு திரும்பி வந்தது, எந்தப் பொருள் அடிக்கடி திரும்புகிறது என்பது அதில் கரைந்துபோகும். வணிகம் நடத்துபவருக்கு அந்தத் தகவல் மிக முக்கியம்.

ரீஃபண்ட் என்று ஒரே சொல்லால் சொன்னாலும் அதற்குள் இரண்டு நிகழ்வுகள் இருக்கின்றன. விற்பனை குறைவது ஒன்று; பணம் கைமாறுவது மற்றொன்று. முதலாவதற்கு ஆவணம் கிரெடிட் நோட். எந்த இன்வாய்ஸ், எந்தப் பொருள், எத்தனை எண்ணிக்கை, எந்த வரி விகிதம், என்ன காரணம் என்பதெல்லாம் அதில் வரும். வாடிக்கையாளர் கணக்கில் 1,100 வரவாகும். இரண்டாவதற்கு ஆவணம் பணம் செலுத்திய பதிவு. வாடிக்கையாளர் கணக்கில் 1,100 பற்று, வங்கியில் 1,100 வரவு. இந்த இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்தால்தான் வேலை முடிந்தது. பலரும் தவறவிடுவது இந்த இணைப்பைத்தான்.

இணைக்காமல் விட்டால் வாடிக்கையாளரின் நிகர பாக்கி பூஜ்யம் என்றே தெரியும். அதனால் யார் கண்ணிலும் படாது. பாக்கிகளை நாள்வாரியாகக் காட்டும் அறிக்கையைத் திறந்தால்தான் ஒரு வரியில் 1,100 வர வேண்டியதாகவும் இன்னொரு வரியில் 1,100 தர வேண்டியதாகவும் தனித்தனியே தொங்குவது தெரியும். சில மாதங்கள் கழித்து அதே வாடிக்கையாளருக்கு வேறொரு ஊழியர் புதிய இன்வாய்ஸ் போடுவார். இவருக்கு 1,100 வரவு இருக்கிறது, கழித்துக்கொள்ளலாமா என்று மென்பொருள் கேட்கும். விவரம் தெரியாத ஊழியர் சரி என்பார். ஏற்கெனவே கையில் கொடுத்த பணம் மறுபடியும் தள்ளுபடியாகப் போய்விடும். குவிக்புக்ஸ் ஆன்லைன் என்ற கணக்கு மென்பொருளில் வரவுகளைத் தானாகவே கழித்துக்கொள்ளும் ஓர் அமைப்பு உண்டு. அது திறந்திருந்தால் கேள்விகூட வராது. ரீஃபண்ட் அதிகம் கொடுக்கும் நிறுவனங்கள் அதை மூடி வைப்பது நல்லது.

அதே குவிக்புக்ஸில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. அங்கே 'ரீஃபண்ட் ரெசீட்' என்று ஒரு படிவமும் 'கிரெடிட் மெமோ' (கிரெடிட் நோட்டுக்கு அங்கே உள்ள பெயர்) என்று ஒரு படிவமும் தனித்தனியாக உள்ளன. ரீஃபண்ட் ரெசீட் இரண்டு நிகழ்வுகளையும் ஒரே அடியில் முடித்துவிடும்: விற்பனையைக் குறைக்கும், வரியைக் குறைக்கும், பணத்தையும் வங்கியிலிருந்து எடுக்கும். வாடிக்கையாளர் பாக்கிக் கணக்கை அது தொடாது. பணம் கொடுத்து வாங்கியவர் உடனே பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிப் போகும்போது அதுதான் சரியான படிவம். கிரெடிட் மெமோ விற்பனையை மட்டும் குறைத்து, தொகையை வாடிக்கையாளர் பெயரில் வரவாக நிறுத்தி வைக்கும். முதலில் கிரெடிட் மெமோ போட்டுவிட்டு, பிறகு பணம் கொடுக்கும் நாளில் ரீஃபண்ட் ரெசீட்டையும் போட்டால் என்ன ஆகும்? விற்பனை 2,000 குறையும், வரி 200 குறையும், திரும்பி வந்த ஒரு பொருள் இரண்டாகச் சரக்கில் ஏறும், வாடிக்கையாளர் பெயரில் 1,100 வரவும் அப்படியே நிற்கும். வரியைக் குறைத்துக் கட்டியதாகப் பின்னால் கேள்வி வந்தால் பதில் சொல்வது கடினம்.

கிரெடிட் மெமோ ஏற்கெனவே இருந்தால் அங்கே செய்ய வேண்டியது இது. செலவு அல்லது காசோலைப் படிவத்தைத் திறந்து, பெறுபவர் இடத்தில் வாடிக்கையாளர் பெயரைப் போட்டு, தலைப்பு இடத்தில் செலவுத் தலைப்பு எதையும் தேர்ந்தெடுக்காமல் வாடிக்கையாளர் பாக்கிக் கணக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வரிக் குறியீடு எதுவும் கூடாது; வரி ஏற்கெனவே கிரெடிட் மெமோவில் குறைந்துவிட்டது. அடுத்து, பணம் பெறும் படிவத்தைத் திறந்து அதே வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுத்தால், இப்போது எழுதிய தொகை நிலுவையாகவும் கிரெடிட் மெமோ வரவாகவும் தெரியும். இரண்டையும் குறியிட்டால் பெற்ற தொகை பூஜ்யம் என்று வரும். அப்படியே சேமித்துவிட வேண்டும்.

மற்ற மென்பொருட்களில் வழி இதைவிட நேரானது. ஸோஹோ புக்ஸில் கிரெடிட் நோட்டைத் திறந்து அதற்குள்ளிருந்தே ரீஃபண்டைப் பதியலாம். பதிந்ததும் கிரெடிட் நோட் தானாக மூடிக்கொள்ளும். ஸீரோவிலும் அதே போலக் கிரெடிட் நோட்டை ஒப்புதல் செய்த பின் அதன் பக்கத்திலேயே நாளையும் வங்கிக் கணக்கையும் கொடுத்துப் பணம் திருப்பியதைக் குறிக்கலாம். டேலி பிரைமில் ஆல்ட் எஃப்6 அழுத்திக் கிரெடிட் நோட், எஃப்5 அழுத்திப் பேமென்ட். இங்கே கவனம் தேவைப்படுவது பில்வாரி விவரத்தில், அதாவது எந்தத் தொகை எந்தப் பில்லுக்கு உரியது என்று குறிக்கும் இடத்தில். பழைய இன்வாய்ஸுக்கு ஏற்கெனவே பணம் வந்து அது முடிந்துவிட்டதென்றால் கிரெடிட் நோட்டில் 'நியூ ரெஃப்' என்று கொடுத்து அதற்குத் தனி எண் வைக்க வேண்டும். பேமென்ட் போடும்போது 'அகைன்ஸ்ட் ரெஃப்' கொடுத்து அந்த எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவசரத்தில் 'ஆன் அக்கவுண்ட்' என்று விட்டுவிட்டால், மேலே சொன்ன அந்தரத்தில் தொங்கும் இரண்டு பதிவுகள் இங்கேயும் வந்துவிடும். இன்வாய்ஸுக்கு இன்னும் பணம் வரவில்லை என்றால் கிரெடிட் நோட்டையே 'அகைன்ஸ்ட் ரெஃப்' மூலம் அந்த இன்வாய்ஸோடு சேர்த்துவிடலாம். அப்போது திருப்பிக் கொடுக்கப் பணமே இல்லை. பாக்கி குறைகிறது, அவ்வளவுதான்.

இவ்வளவும் செய்து முடித்த பிறகு, பணம் வெளியே போன வங்கிப் பதிவு இரண்டு மூன்று நாளில் திரையில் வரும். அப்போது 'பொருத்து' என்பதை அழுத்த வேண்டும். 'சேர்' என்பதை அழுத்தினால் அதே பணம் இரண்டாம் முறை பதிவாகும். கார்டுக்குத் திருப்பும் பணம் வங்கியில் பதிவாகப் பல நாட்கள் ஆகலாம் என்பதால் தேதிகள் ஒத்திருக்காது. அதனால் மென்பொருள் தானாகப் பொருத்தம் கண்டுபிடிக்காமல் போகலாம். தேதி வரம்பை விரித்துத் தேடி நாமே பொருத்த வேண்டும்.

எல்லா ரீஃபண்டும் விற்பனைத் திருப்பம் என்றும் எண்ணிவிடக் கூடாது. கிரெடிட் நோட்டைத் தொடுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தப் பணத்துக்கு எதிராக விற்பனை எதுவும் பதிவாகியிருக்கிறதா? ஒரே இன்வாய்ஸுக்கு வாடிக்கையாளர் தவறுதலாக இரண்டு முறை பணம் அனுப்பியிருந்தால், விற்பனை ஒன்றுதான், அது அப்படியேதான் இருக்கிறது. கூடுதலாக வந்த 1,100 அவர் கணக்கில் வரவாக நிற்கும். திருப்பும்போது அந்தக் கணக்கில் பற்று, வங்கியில் வரவு. விற்பனைத் திருப்பமும் இல்லை, வரி மாற்றமும் இல்லை. இதற்குக் கிரெடிட் நோட் போட்டால் உண்மையான விற்பனையும் அதன் வரியும் காணாமல் போகும். முன்பணம் வாங்கி ஆர்டர் ரத்தானாலும் இதே கதைதான். முன்பணம் ஒரு பொறுப்பு, அதாவது நாம் தீர்க்க வேண்டிய கடன்; அந்தப் பொறுப்புக் கணக்கில் பற்று வைத்துப் பணத்தைக் கொடுக்க வேண்டும். முன்பணம் வாங்கும்போதே வரி கட்ட வேண்டிய சட்டம் இருக்கும் இடங்களில் அந்த வரியை மட்டும் தனியே எதிர்ப்பதிவு செய்ய வேண்டும்.

பணமாகத் தராமல் அடுத்த முறை வாங்கும்போது கழித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் கிரெடிட் நோட் மட்டும் போதும், அது திறந்தபடியே இருக்கட்டும்.

அடுத்தது கட்டண நுழைவாயில்கள் (பேமென்ட் கேட்வே), அதாவது வாடிக்கையாளரிடமிருந்து இணையத்தில் பணத்தை வாங்கி நம் வங்கிக்கு அனுப்பும் சேவைகள். இணையத்தில் விற்பவர்களின் கணக்கு அதிகம் குழம்புவது இங்கேதான், ஏனென்றால் நுழைவாயில் எல்லாவற்றையும் கழித்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் வங்கியில் போடுகிறது. ஒரு நாளில் 1,100 வீதம் பத்து விற்பனை, மொத்தம் 11,000. கட்டணம் 3 சதவீதம், 330. ஒரு ரீஃபண்ட், 1,100. வங்கிக்கு வந்து சேர்வது 9,570. இந்த 9,570-ஐயே அன்றைய விற்பனை என்று பதிந்தால் மென்பொருள் அதற்குள்ளிருந்து வரியைப் பிரித்து விற்பனை 8,700, வரி 870 என்று எழுதும். உண்மை என்ன? விற்பனை 10,000, திருப்பம் 1,000, ஆக நிகர விற்பனை 9,000, வரி 900, கட்டணச் செலவு 330. ஒரே நாளில் விற்பனை 300 குறைவு, வரி 30 குறைவு, கட்டணச் செலவு முற்றாகக் காணோம். இதுவே ஆண்டு முழுதும் தினமும் நடந்தால் கணக்கு என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்குத் தீர்வு, நுழைவாயிலின் பெயரில் வங்கிக் கணக்கு போலவே ஓர் இடைக் கணக்கைத் திறப்பது. ஒவ்வொரு விற்பனையும் முழுத் தொகையாக அதற்குள் வரட்டும். ரீஃபண்ட் முழு 1,100-ஆக அதிலிருந்து போகட்டும். கட்டணம் 330 அதிலிருந்து செலவாகட்டும். மிச்சம் 9,570 வங்கிக்கு மாற்றம் என்று பதிவாகட்டும். இடைக் கணக்கு பூஜ்யத்துக்கு வர வேண்டும். வராவிட்டால் ஏதோ விடுபட்டிருக்கிறது என்று பொருள். விற்பனையைவிட ரீஃபண்ட் அதிகமான நாளில் நுழைவாயில் நம் வங்கியிலிருந்து பணம் எடுக்கும். அதுவும் இடைக் கணக்குக்கு ஒரு மாற்றம்தான், செலவு இல்லை.

திருப்பிய விற்பனைக்கு முதலில் பிடித்த 33 கட்டணத்தைப் பல நுழைவாயில்கள் திருப்பித் தருவதில்லை. அது உண்மையான செலவு, செலவிலேயே இருக்க வேண்டும். இதைச் சரிக்கட்டுவதாக நினைத்து ரீஃபண்டை 1,067 என்று எழுதுபவர்கள் உண்டு. அப்படி எழுதினால் வாடிக்கையாளர் கணக்கில் 33 தீராமல் நிற்கும்.

வாடிக்கையாளர் நம்மிடம் கேட்காமல் தன் வங்கியிடம் முறையிட்டு, அந்த வங்கி பணத்தை இழுத்துக்கொள்வது வேறு வகை, சார்ஜ்பேக் என்பார்கள். அதை எதிர்த்து வாதாடும் காலம் வரை 1,100-ஐ 'சர்ச்சையிலுள்ள தொகை' என்ற தனிச் சொத்துக் கணக்கில் நிறுத்தி வைக்கலாம். அதற்கென்று பிடிக்கும் தனிக் கட்டணத்தை அப்போதே செலவில் எழுதிவிடலாம். நமக்குச் சாதகமாக முடிந்தால் பணம் வந்து அந்தக் கணக்கு தீரும். தோற்றால் காரணத்தைப் பார்க்க வேண்டும். பொருள் திரும்பி வந்ததென்றால் கிரெடிட் நோட். திருட்டுக் கார்டில் யாரோ வாங்கிப் போய் பொருளும் போய்விட்டதென்றால் அது நட்டம்; விற்பனைத் திருப்பம் போட்டுச் சரக்கை ஏற்றக் கூடாது. அந்த விற்பனையின் வரியைக் குறைக்க முடியுமா என்பதை அந்தந்த நாட்டுச் சட்டம் சொல்லும்.

சரக்கைப் பற்றிச் சொன்னேன். அதை விளக்க வேண்டும். பொருளின் அடக்க விலை 600 என்றால், விற்றபோது சரக்கிலிருந்து 600 குறைந்து விற்ற பொருளின் அடக்கத்தில் ஏறியிருக்கும். கிரெடிட் நோட்டில் அதே பொருளையும் எண்ணிக்கையையும் குறிப்பிட்டால் மென்பொருளே அதைத் திருப்பிப் போட்டுவிடும். மறுபடி விற்கத்தக்க நிலையில் வந்தால் அத்தோடு முடிந்தது. உடைந்து வந்தால் முதலில் சரக்கில் ஏற்றி, பிறகு சரக்குச் சரிக்கட்டல் படிவத்தில் 600-ஐச் சேதாரக் கணக்குக்கு எழுதித் தள்ள வேண்டும். இரண்டு வேலை எதற்கு என்று தோன்றலாம். சரக்கில் ஏற்றாமலே விட்டுவிட்டால் அந்த 600 விற்ற பொருளின் அடக்கத்திலேயே கிடக்கும். விற்காத பொருளின் அடக்கம் அங்கே இருப்பதால் மொத்த இலாப விகிதம் காரணமில்லாமல் இறங்கியது போலத் தெரியும்.

பொருளே திரும்பாமல் விலையில் மட்டும் கொஞ்சம் திருப்பிக் கொடுப்பதும் அடிக்கடி நடக்கும்: தாமதமாக அனுப்பியதற்கு, சிறு கீறலுக்கு. அப்போது கிரெடிட் நோட்டில் பொருளின் பெயரைப் போட்டால் வராத சரக்கு இருப்பில் ஏறும். ஆண்டுக் கடைசியில் கிடங்கில் எண்ணினால் குறையும், ஊழியர்மேல் சந்தேகம் விழும். இதற்காகவே சேவை வகையில் 'விலைக் குறைப்பு' என்று ஓர் உருப்படியை உருவாக்கி, அதை விற்பனைத் திருப்பக் கணக்கோடு இணைத்து வைக்க வேண்டும். உருப்படி சேவை வகையாக இருந்தாலும் வரிக் குறியீடு அந்தப் பொருளுக்கு உரியதாகவே இருக்க வேண்டும்.

பகுதி ரீஃபண்டில் வரியைப் பிரிப்பதிலும் பிழை வரும். வாடிக்கையாளருக்கு 300 தருகிறோம் என்றால் அந்த 300-க்குள் வரி அடங்கியிருக்கிறது. 300-ஐ 110-ஆல் வகுத்து 10-ஆல் பெருக்கினால் வரி 27.27, மீதி 272.73 விற்பனைத் திருப்பம். வரி நீங்கிய தொகை என்று படிவம் எதிர்பார்க்கும் இடத்தில் 300 என்று தட்டினால் அது 30 வரியைக் கூட்டி 330-க்குக் கிரெடிட் நோட் போடும். வங்கியில் போனது 300, நோட்டில் 330. மீதி 30 வாடிக்கையாளர் பெயரில் வரவாகத் தொங்கும். தொகைகள் வரி உட்பட என்ற தெரிவை முதலில் மாற்றிவிட்டுத் தட்ட வேண்டும்.

திரும்பி வந்த பொருளை மறுபடி இருப்பில் வைக்கும் கட்டணம் என்று கொஞ்சம் பிடித்துக்கொண்டு தருபவர்கள், கிரெடிட் நோட்டை முழுத் தொகைக்கும் போட்டு, பிடித்ததைத் தனி வருமானமாகத் தனிப் பதிவில் காட்டுவது தெளிவு. பொருளைத் திரும்பப் பெற நாம் கட்டும் கூரியர் செலவு உண்மையிலேயே செலவுதான். அதை விற்பனைத் திருப்பத்தில் கலக்க வேண்டாம்.

இனிப் பழைய காலத்துக்குப் போவது. ரீஃபண்ட் கொடுத்ததும் பழைய இன்வாய்ஸைத் தேடிப் போய் அழித்துவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. இதை வன்மையாகக் கண்டிக்கிறேன். அந்த மாதத்து வரிப் படிவம் ஏற்கெனவே தாக்கலாகியிருக்கும். இன்வாய்ஸை அழித்ததும் மென்பொருளின் எண்ணும் தாக்கல் செய்த எண்ணும் மாறிப்போகும். வரிசை எண்ணில் ஓர் ஓட்டை விழும். அன்று வந்த 1,100 வங்கியில் நிஜமாக வந்தது, ஆனால் அது எதற்கு வந்தது என்பதற்கு ஆவணம் இருக்காது. வந்ததும் உண்மை, போனதும் உண்மை. இரண்டும் அததன் தேதியில் இருக்க வேண்டும். படிவம் தாக்கலானதும் அந்தக் காலத்தைப் பூட்டி வைக்கும் வசதியைப் பயன்படுத்தினால் இந்த ஆசையே யாருக்கும் வராது. கிரெடிட் நோட்டின் தேதி அது வழங்கப்படும் தேதி. வரி விகிதம் மட்டும் மூல இன்வாய்ஸில் இருந்ததாகவே இருக்க வேண்டும். இடையில் விகிதம் மாறியிருந்தால் மென்பொருள் புதிய விகிதத்தைத் தானாகப் போட வாய்ப்புண்டு, கையால் மாற்ற வேண்டும். வெளிநாட்டு நாணயத்தில் விற்றிருந்தால் கிரெடிட் நோட் பழைய மாற்று விகிதத்திலும் பணம் இன்றைய விகிதத்திலும் பதிவாகி, வித்தியாசம் நாணய மாற்று இலாப நட்டக் கணக்கில் விழ வேண்டும். அதை விற்பனைத் திருப்பத்தில் அடக்கிவிடக் கூடாது.

ஆண்டு இறுதியில் விற்று, அடுத்த ஆண்டில் திரும்பும் என்று அனுபவத்தால் தெரிந்த சரக்குக்கும் கணக்கு வேண்டும். 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு நிதி அறிக்கைத் தரம் 15 (ஐஎஃப்ஆர்எஸ் 15) இதற்குத் தெளிவான வழி சொல்கிறது. அதிலுள்ள உதாரணமே எளிமையானது: தலா 100 விலையில் 100 பொருள் விற்று, 3 திரும்பும் என்று மதிப்பிட்டால் வருமானம் 9,700 மட்டும், 300 ரீஃபண்ட் பொறுப்பு. அடக்கம் தலா 60 என்றால் திரும்பி வரப்போகும் சரக்கின்மேல் உள்ள உரிமை 180 தனிச் சொத்தாக நிற்கும். அந்தத் தரம் கட்டாயமில்லாத சிறு நிறுவனமும், திருப்பம் அதிகமுள்ள தொழிலில் இருந்தால், ஆண்டு முடிவில் இந்த ஒரு பதிவைப் போட்டுப் பார்க்கலாம். போடாவிட்டால் ஒவ்வோர் ஆண்டின் கடைசி மாதமும் உள்ளதைவிட அழகாகத் தெரியும்.

கணக்குப் பதிவோடு காவலும் வேண்டும். ரீஃபண்ட் என்பது விற்பனை எதுவும் இல்லாமலே பணத்தை வெளியே அனுப்ப வழி திறக்கும் படிவம். ஆகவே கிரெடிட் நோட் எழுதுபவரும் பணத்தை விடுவிப்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது. பணம் வந்த வழியிலேயே, வந்த கார்டுக்கோ கணக்குக்கோதான், திரும்பிப் போக வேண்டும். அதிகமாக அனுப்பிவிட்டேன், மீதியை வேறொரு கணக்குக்கு உடனே அனுப்புங்கள் என்று யாராவது அவசரப்படுத்தினால் முதலில் வந்த பணம் வங்கியில் உறுதியாகச் சேரும் வரை காத்திருக்க வேண்டும். அவர் கொடுத்தது காசோலையாக இருந்து அது பிறகு திரும்பிவிட்டால், போனது நம் பணம். மாதம் ஒருமுறை மூன்று எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்: கிரெடிட் நோட்களின் கூட்டு, வங்கியிலும் நுழைவாயிலிலும் ரீஃபண்டாகப் போனதன் கூட்டு, வாடிக்கையாளர் பெயர்களில் திறந்து நிற்கும் வரவுகளின் கூட்டு. முதலாவதற்கும் இரண்டாவதற்கும் உள்ள வித்தியாசம், பாக்கியில் கழித்தவையும் திருப்பிய முன்பணமும் இரட்டிப்பாக வந்த பணமும் போக, மூன்றாவதில் ஏற்பட்ட மாற்றத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

மென்பொருள் தயாரிப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வெளியே போகும் பணத்தின் பெறுபவர் பெயர் வாடிக்கையாளர் பட்டியலில் இருந்தால், செலவுத் தலைப்பைப் பரிந்துரைக்கும் முன் 'இது ரீஃபண்டா?' என்று ஒரு கேள்வியைத் திரையில் வையுங்கள். அந்தப் பெயர் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

ஏற்கெனவே செலவில் எழுதிவிட்டவர்கள் பதற வேண்டியதில்லை, திருத்துவது எளிது. காலம் இன்னும் பூட்டப்படவில்லை என்றால், அந்தச் செலவுப் பதிவைத் திறந்து தலைப்பை மட்டும் வாடிக்கையாளர் பாக்கிக் கணக்காக மாற்றி, அவர் பெயரைப் போட்டு, வரிக் குறியீடு ஏதாவது இருந்தால் எடுத்துவிட வேண்டும். தேதியையும் தொகையையும் வங்கிக் கணக்கையும் தொடாதவரை வங்கிச் சரிகட்டல் கலையாது. பிறகு கிரெடிட் நோட்டை எழுதி இரண்டையும் இணைத்துவிடலாம். ஆண்டு முடிந்து கணக்கு ஒப்படைக்கப்பட்டுவிட்டது என்றால் பழைய பதிவைத் தொடாமல், நடப்புக் காலத் தேதியில் கிரெடிட் நோட் எழுதி, வாடிக்கையாளர் கணக்கில் 1,100 பற்று, முந்தைய ஆண்டுச் சரிக்கட்டலில் 1,100 வரவு என்று ஒரு குறிப்பேட்டுப் பதிவால் (ஜர்னல் என்ட்ரி) அவர் பாக்கியைத் தீர்க்க வேண்டும். பழைய விற்பனைக்கான வரியைக் குறைத்துக்கொள்ளப் பல நாடுகளில் கெடு இருக்கிறது. ஆகவே செலவுத் தலைப்புகளில் தேடத் தொடங்கும்போது மிகப் பழைய ரீஃபண்டிலிருந்து தொடங்குங்கள்.

இப்படிக்கு,
சிறு நிறுவனக் கணக்குகளைக் கவனிக்கும் வாசகர் ஒருவர்